வீடு தேடும் எண்கள்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் விதை பொறுக்கி விளையாடி வளர்ந்தவர் நம்மில் பலர். 12 விதைகளை நிரைக்கு நான்காக மூன்று நிரைகளில் அடுக்கலாம். 13 விதைகளையோ எப்படி முயன்றாலும் ஒரே வரிசையாகத்தான் வைக்க இயலும். 2, 3, 5, 7, 11, 13 போன்ற இத்தகைய எண்களே பகா எண்கள். 1 இக்கணக்கில் சேராது. 12 என்பது 2, 2, 3 ஆகியவற்றின் பெருக்கம்; இவை அதன் பகாக் காரணிகள்.

இக்காரணிகளைக் கொண்டு ஒரு விளையாட்டு உண்டு. 10-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் காரணிகள் 2, 5. சிறியதை முன்வைத்து ஒட்டி எழுதினால் 25. அதன் காரணிகள் 5, 5, ஒட்டினால் 55. அது 5, 11 எனப் பிரிந்து 511 ஆகும். 511 என்பது 7, 73-இன் பெருக்கம், ஆகவே 773. இது பகா எண். பயணம் முடிந்தது, 10 தன் வீட்டை அடைந்துவிட்டது.

12 ஒரே படியில் 223 என்னும் வீட்டை அடைகிறது. 8-ஐ எளிதென எண்ணிவிட வேண்டா! 13 படிகள் கடந்து, 19 இலக்கங்கள் கொண்ட 3331113965338635107-இல்தான் அது நிற்கிறது.

49-இன் கதை வேறு. 77, 711, 3379, 31109 என நீளும் அதன் பயணத்தைக் கணினிகள் 100 படிகளுக்கு மேல் தொடர்ந்தும் வீடு தென்படவில்லை. வீடு உண்டா என்பதையே எவரும் நிறுவவில்லை.

தடை எங்கே? ஓர் எண் பகா எண்தானா என்று அறிவது ஒரு வேலை. அதன் காரணிகளைக் கண்டெடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு, எண் நீண்டாலும் உழைப்பு கட்டுக்கடங்காமல் பெருகாத, ஐயத்திற்கு இடமில்லாத முறையை 2002-இல் இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் கண்டனர். பின்னிருவர் அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள். இரண்டாவதற்கு, இன்று நம்மிடமுள்ள கணினிகளுக்கு ஏற்ற அத்தகைய விரைவு முறை இன்னும் கிட்டவில்லை. இக்குறை நமக்கு நன்மையாகவும் உள்ளது: 1977-இல் வகுக்கப்பட்ட ஒரு மறைகுறியீட்டு முறை இக்கடினத்தையே பூட்டாகக் கொண்டது, இணையவழிப் பணப் பரிமாற்றங்களைக் காக்க அது பயன்பட்டு வருகிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து 15-இல் தொடங்குங்கள். கணக்கு நமக்கு வராது என்று பெற்றோர் ஒதுங்க வேண்டுவதில்லை. பெருக்கல் வாய்பாடே முதல் இரு படிகளுக்குப் போதும். 319 வந்ததும் பிள்ளை தயங்கினால், 11-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1129-இல் வீடு வரும்.