சிறு கொடையும் சாவா மூவாப் பேராடும்

ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சிராவகர் அனைவரும் அறிவர். கொடுக்கும் முறையைக் கற்ற நாம், பெற்ற கொடையைப் பேணும் முறையையும் ஈண்டுச் சிந்திப்போமாக.

தமிழக அரசு 1997-98ஆம் ஆண்டில் 'நமக்கு நாமே' திட்டத்தைத் தொடங்கிற்று. 2011இல் தன்னிறைவுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2021இல் பழைய பெயரே மீண்டது. பொதுப்பணி ஒன்றன் மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்துவர். எஞ்சியதை அரசு வழங்கும்.

குத்தாலம் போன்றதொரு பேரூராட்சியில், பொது நூலகத்திற்கு மூன்று லட்ச ரூபாயில் ஓர் அறை கட்ட ஒரு சங்கத்தார் விழைகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் ஒரு லட்சம் திரட்டினால் அறை எழும். ஆனால் ஐந்தாம் ஆண்டில் கூரை ஒழுகினால் செப்பனிடுவோர் யார்? பூட்டிய அறையால் எவருக்குப் பயன்?

இதற்கு விடை நம் காவிரி நாட்டிலேயே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசன் காலத்தில், ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பெற்றன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். ஈனும் குட்டிகளால் மந்தை குறையாது; ஆதலின் சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகையவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றன. முதல் நிற்கும், பயனே செலவாகும்.

ஆகவே, விண்ணப்பம் எழுதுமுன் ஊர்ப்பங்கோடு சிறு வைப்புநிதி ஒன்றையும் திரட்டுக. அதன் வட்டியால் அறையைப் பேணுக. ஆண்டுதோறும் வரவு செலவைச் சபையில் படித்துக் காட்டுக. அறையைக் கட்ட அரசு துணை நிற்கும். அதனைக் காப்பது நம் கடனாகும்.