தீயைக் காணாமல் தீயை எதிர்ப்போர்

காட்டுத் தீயை அணைப்போர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? தலையில் கவசமும் கையில் கோடரியும் கொண்டு, புகையினூடே மலையேறும் வீரர்களே. அவர்கள் போற்றத்தக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்த மலைக்குச் செல்ல வேண்டும், எத்தனை பேர் செல்ல வேண்டும், காற்று எப்பக்கம் திரும்பப் போகிறது என்பவற்றை அவர்களுக்குச் சொல்பவர் வேறொருவர். பல மைல் தொலைவில், ஓர் அறையில், தொலைபேசி, ஒயர்லெஸ், நிலப்படம் ஆகியவற்றின் முன் அவர் அமர்ந்திருக்கிறார். பெரும்பாலும் அந்தத் தீயை அவர் கண்ணால் காண்பதே இல்லை. அமெரிக்காவில் இவரை 'டிஸ்பாச்சர்' என்று அழைக்கின்றனர். செய்தியைப் பெற்று, ஆளையும் பொருளையும் அனுப்பி வைப்பவர் என்பது இதன் பொருள். ஆண்களும் பெண்களும் செய்துவரும் இப்பணியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

அன்று செய்தி சென்ற விதம்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஐடஹோ, மான்டானா, கொலராடோ முதலிய மாநிலங்கள் மலையும் காடும் நிறைந்தவை. அங்கே கோடை மிகவும் வறண்டது. இடிமேகம் திரண்டு வரும். ஆனால் மழைத்துளிகள் தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் இறங்கும். இதனை உலர் மின்னல் என்பர். ஒரே மாலைப்பொழுதில் பல இடங்களில் தீப் பற்றுவதற்கு இதுவே போதும்.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய இரண்டே நாட்களில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்றவர்களே. காட்டினுள் ஆங்காங்கே சிதறி நின்ற அவர்களுக்கு, புயல்காற்று வருகிறது, விலகுங்கள் என்று சொல்ல வழியில்லை.

இதன்பின் உயரமான சிகரங்களில் காவல் மனைகள் பெருகின. அங்கிருந்து கீழே தொலைபேசிக் கம்பி இழுக்கப்பட்டது. 1913-இல் கலிபோர்னியாவின் கிளமத் காட்டில், 6,000 அடிக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில், ஹாலி டாகெட் என்ற பெண்மணி காவல் பணியை ஏற்றார். அமெரிக்க வனத்துறையில் தீக்காவல் பணிக்கு அமர்த்தப்பட்ட முதற் பெண் அவரே. புகை கண்ட இடத்தைத் தொலைபேசியில் சரியாகச் சொல்வதே அவருடைய தலையாய கடமை. பத்துக்கு மேற்பட்ட கோடைகளை அவர் அந்தத் தனிமையில் கழித்தார். அவர் பேசிய தொலைபேசியின் மறுமுனையில் செய்தியைப் பெற்றுக்கொண்டவரின் பணிதான் வளர்ந்து, இன்றைய டிஸ்பாச்சரின் பணியாயிற்று.

இன்றைய அமைப்பு

வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டால் அம்மா முதலில் அடுத்த வீட்டில் கேட்பார்கள். அங்கும் இல்லையென்றால்தான் தெருக்கோடிக் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். அமெரிக்காவின் காட்டுத் தீ அமைப்பும் இம்முறையிலேயே இயங்குகிறது. முதற்படியில் உள்ளூர் மையம். அதனிடம் ஆளோ பொருளோ போதாவிட்டால் வட்டார மையத்தைக் கேட்கும். நாடு முழுவதும் இத்தகைய வட்டாரங்கள் 10 உள்ளன. வட்டாரத்திலும் போதாவிட்டால், ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரிலுள்ள தேசிய மையத்தைக் கேட்கும். பாய்சியில் இந்த ஏற்பாடு 1965-இல் தொடங்கியது. நாட்டின் தீ நிலவரத்தை இம்மையம் 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறது. 5 என்றால் கையிருப்பில் பெரும்பகுதி களத்தில் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அமெரிக்காவுக்குக் கோடை என்றால் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குளிர்காலம் அல்லவா? எனவே 2018-ஆம் ஆண்டு அந்நாடுகளிலிருந்து வீரர்கள் வந்து உதவினர்.

ஓர் அழைப்பு வரும்போது

"மலையில் புகை தெரிகிறது" என்று ஒருவர் தொலைபேசியில் பதறுகிறார். டிஸ்பாச்சர் பதறக்கூடாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? புகை எத்திசையில் இருக்கிறது? அதன் நிறம் என்ன? எரிவது புல்லா, மரமா? காற்று எப்பக்கம் வீசுகிறது? அருகில் வீடுகள் உண்டா? யாரேனும் சிக்கியிருக்கிறார்களா?

ஒரே தீயை இரண்டு ஊரிலிருந்து இருவர் பார்த்து, இரண்டு இடங்களைச் சொல்வதும் உண்டு. இருவர் சொன்ன திசைகளையும் நிலப்படத்தில் கோடாக வரைந்தால், அவை வெட்டும் இடமே தீயின் இடம். நாம் வகுப்பில் படிக்கும் வடிவ கணிதம் இங்கே உயிர் காக்கிறது! இடம் உறுதியானதும் தீக்கு ஒரு பெயரும் எண்ணும் இடப்படும்.

பிறகு அனுப்பும் பணி. கேட்கப்படும் உதவிகள் பொறுப்பாளர், குழு, விமானம், இயந்திரம், பொருள் என ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வேண்டுகோளும் தனி எண் பெறும். 20 பேர் கொண்ட குழு ஒன்றை அனுப்பினால் போதாது. அவர்களுக்கு வண்டி, உணவு, குடிநீர், உறங்க இடம் யாவும் வேண்டும். ஹெலிகாப்டரை அனுப்பினால் எரிபொருள் வண்டியும் செல்ல வேண்டும். ஒன்றை மறந்தாலும் மலையில் வேலை நின்றுவிடும்.

அனுப்பியபின் கவனித்துக் கேட்கும் பணி தொடங்குகிறது. ஒயர்லெஸ் மூலம் கண்காணிக்கப்படும் விமானம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். குரல் வராவிட்டால் உடனே தேடத் தொடங்க வேண்டும். வீரர் ஒருவர் காயமுற்றால், மற்றப் பேச்சுகளையெல்லாம் நிறுத்தி, அந்த ஒயர்லெஸ் வழியை அவருக்கென்றே ஒதுக்குவர். களைத்த காது பிழையாகக் கேட்கும். ஆகவே 14 நாள் பணிக்குப் பின் ஓய்வு என்னும் விதி வீரருக்கும் உண்டு, டிஸ்பாச்சருக்கும் உண்டு.

சென்று சேராத செய்தி

இப்பணியின் பொறுப்பை உணர ஒரு துயர நிகழ்ச்சியை அறிந்துகொள்வது நல்லது. 1994-ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று, கொலராடோ மாநிலத்துக் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகில் மின்னலால் ஒரு தீ பற்றியது. எரிந்தது ஸ்டார்ம் கிங் என்னும் மலை. ஆனால் முதலில் வந்த செய்தியில் சவுத் கேன்யன் என்னும் வேறிடம் கூறப்பட்டதால், அத்தீ இன்றளவும் சவுத் கேன்யன் தீ என்றே வழங்குகிறது.

அந்நாட்களில் அச்சுற்றுப்புறத்தில் ஏராளமான தீக்கள். இச்சிறு தீயைக் கவனிக்க ஆளில்லை. ஜூலை 5-இல்தான் முதற்குழு மலையேறியது. மறுநாள் பிற்பகலில் குளிர்காற்று பலமாக வீசத் தொடங்கியது. சரிவில் இருந்த ஓக் புதர்களின் வழியாகத் தீ மேல்நோக்கிப் பாய்ந்தது. வீரர்கள் 14 பேர் மாண்டனர். அவர்களுள் ஓரிகன் மாநிலத்துப் பிரைன்வில் குழுவினர் 9 பேர். அந்த 9 பேரில் 4 பேர் பெண்கள்.

குளிர்காற்று வரும் என்பதை வானிலையாளர்கள் முன்கூட்டியே கணித்து அறிவித்திருந்தனர். அச்செய்தி மலைமேல் இருந்த வீரர்களுக்குச் சென்று சேரவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. அத்துயரத்துக்குக் காரணங்கள் பல உண்டு. யாரோ ஒருவர் மீது பழி சுமத்துவது முறையன்று. ஆயினும் எச்சரிக்கை இருந்தும், வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் அது போய்ச் சேரவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது.

இத்தனைக்கும், 1957-ஆம் ஆண்டிலேயே தீயணைப்போருக்கென 10 கட்டளைகள் வகுக்கப்பட்டிருந்தன. வானிலையை எப்போதும் அறிந்திருக்க வேண்டும் என்பதும், கட்டளையைத் தெளிவாகக் கூறி அது புரிந்ததா என உறுதி செய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். செய்தியைச் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல, அது சரிதான் என்று அறிந்த பின்னரே முடிகிறது.

நமக்குப் பாடம்

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அதிதூதரான புனித கபிரியேலைத் தொலைத்தொடர்புப் பணியாளரின் பாதுகாவலராக அறிவித்தார். எவ்வளவு பொருத்தம்! அவர் தமக்குத் தரப்பட்ட செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் நாசரேத்தூர்க் கன்னியிடம் கொண்டு சேர்த்தார். அன்னை மரியாளும் கேட்டவுடன் தலையசைத்துவிடவில்லை. இது எவ்வாறு நிகழும் என்று வினவித் தெளிந்த பின்னரே இசைவு தந்தார். சொல்பவரின் நேர்மையும் கேட்பவரின் தெளிவும் அங்கே ஒன்றாய்ச் சேர்ந்தன.

மாணவியராகிய நாம் மலைத் தீயை எதிர்க்கப் போவதில்லை. ஆனால் செய்திகள் நாள்தோறும் நம் கைகளின் வழியே செல்கின்றன. சகோதரி தலைமையாசிரியை சொல்லி அனுப்பியதை ஆசிரியையிடம் பாதியாகச் சொல்கிறோமா? அப்பாவுக்கு வந்த தொலைபேசிச் செய்தியை விளையாட்டில் மறந்துவிடுகிறோமா? தோழியைப் பற்றிக் கேட்டதைக் கண்ணும் மூக்கும் வைத்துப் பரப்புகிறோமா? நம் தெருவில் தீ விபத்து நேர்ந்தால், அழுகைக்கு முன்னே முகவரியைச் சொல்ல நமக்குத் தெரியுமா?

பெயரும் புகழும் மலைமேல் நிற்பவருக்கே செல்லும். அறையில் அமர்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதி, உரியவருக்கு உரிய நேரத்தில் சொன்னவரை எவரும் அறியார். அன்று மாலை எல்லாரும் உயிரோடு இறங்கி வந்துவிட்டார்கள் என்ற ஒயர்லெஸ் குரலே அவருக்குப் பரிசு. ஒப்படைக்கப்பட்ட சொல்லை முழுமையாய்ச் சேர்ப்பிக்கும் அந்த உண்மையை, சிறு செய்திகளிலேயே நாம் இன்று முதல் பழகிக்கொள்வோமாக.