நேயர் விருப்பமும் இணையச் செயலியும்

நுழையும்முன்

தாம் விரும்பும் பாடலைத் தனியே கேட்பது எவர்க்கும் எளிது. பலர் கூடிய இடத்தில் எப்பாடல் முதலில் ஒலிக்க வேண்டும் என முடிவு செய்வது எளிதன்று. வானொலி இச்சிக்கலை மடல்களைக் கொண்டு கையாண்டது. இணையச் செயலி, விதிகளைக் கொண்டு கையாள்கிறது. அவ்விதிகள் எத்தகையனவாக இருத்தல் வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலைமீது ஒரு வானொலி

பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. ஆதலால், அலைபரப்புக் கோபுரம் உயர்ந்த இடத்தில் இருப்பின் ஒலிபரப்பின் எல்லை விரியும். அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மலையடிவாரம் கடந்து மதுரை, திண்டுக்கல் முதலிய ஊர்களையும் எட்டுவதற்கு இதுவே காரணம்.

இலங்கை வானொலி முதல் உள்ளூர்ப் பண்பலை வரை, நேயர்கள் மடல் எழுதியும் தொலைபேசியில் அழைத்தும் பாடல் கேட்டனர். ஒரே பாடலை விரும்பிய பலரின் பெயர்களும் ஊர்களும் அப்பாடலுக்கு முன் வாசிக்கப்பெற்றன. எனினும், எதனை ஒலிபரப்புவது என்பதை முடிவு செய்தவர் நிலையத்தில் இருந்த மனிதரே.

செயலி இயங்கும் முறை

விழாக்கூடத்தில் பாடல் தேர்வதற்கான செயலியில் அம்மனிதர் இல்லை. விரைவுத் துலங்கல் குறியீட்டைத் திறன்பேசியால் படம்பிடித்ததும் உலாவியில் பாடற்பட்டியல் திறக்கும். விருந்தினர் பாடலைச் சேர்ப்பர். பிறர் சேர்த்தவற்றுக்கு வாக்களிப்பர். வாக்குகள் சேவையகத்தின் தரவுத்தளத்தில் பதிவாகும். ஒருவர் ஒரு பாடலுக்கு ஒருமுறை மட்டுமே வாக்களிக்க இயலும். மிகுதியான வாக்குப் பெற்ற பாடல் முதலில் ஒலிக்கும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற 20 மாணவர்கள் மாலையில் கூடியுள்ளதாகக் கொள்வோம். 12 பேர் திரையிசையையும் 8 பேர் நாட்டுப்புறப் பாடலையும் விரும்புகின்றனர். ஒரு திரைப்பாடல் முடிந்ததும் மற்றொன்று 12 வாக்குகளுடன் வரிசையில் சேருமாயின், 8 வாக்குப் பெற்ற நாட்டுப்புறப் பாடல் இரவு முழுதும் ஒலிக்காது. அந்த எண்மரும் அவையில் இருந்தும் இல்லாதவர் ஆவர்.

இக்குறையைச் சிறுவிதி ஒன்று நீக்கும். காத்திருக்கும் பாடலுக்கு, வேறொரு பாடல் ஒலித்து முடியுந்தோறும் ஒரு மதிப்பெண் கூட்டுக. ஐந்து பாடல்கள் முடிந்ததும் நாட்டுப்புறப் பாடலின் மதிப்பு 13 ஆகும். ஆறாவதாக அது ஒலிக்கும். பெரும்பான்மையோர் விருப்பம் முந்துகிறது. சிறுபான்மையோர் விருப்பமும் மறைவதில்லை.

நிலையத்தில் அமர்ந்து தேர்ந்தவர் தம் மனத்தில் கொண்ட நடுவுநிலைமையைச் செயலி தானே அறியாது. அதனை விதியாக எழுதித் தருவது நிரலரின் கடமை. நிரல் எழுதுவோர்க்குக் கணக்கறிவு தேவை. அதனோடு, அவையில் குரல் உயர்த்தாதவரையும் எண்ணிப் பார்க்கும் பண்பும் தேவை.

தெரிந்து தெளிவோம்

விவித் பாரதி ஒலிபரப்பு 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜும்ரி தலையா என்னும் சிற்றூர், பாடல் வேண்டி அங்கிருந்து குவிந்த மடல்களால் நாடெங்கும் அறியப்பெற்றது.

கற்பவை கற்றபின்

1. காத்திருப்புக்கு இரண்டு மதிப்பெண் கூட்டினால், நாட்டுப்புறப் பாடல் எத்தனையாவதாக ஒலிக்கும்? கணக்கிடுக.
2. உங்கள் பள்ளி விழாவில் பாடல்களைத் தேர்வதற்கு மூன்று விதிகளை வகுத்து, காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.