குற்றமற்றவர் ஏன் சாக வேண்டும்?



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கிற நம் சபைத் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "பாஸ்டர், ஒருத்தன் செஞ்ச கொலைக்கு இன்னொருத்தனைத் தூக்கில போட்டா அது நியாயமா? சிலுவை மட்டும் எப்படி நியாயம்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் பிசாசு கொண்டுவர்ற கேள்வி தம்பி, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வாலிபர் கூட்டத்துக்கு வரவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, பழியைப் பிசாசின்மேல் போட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கேள்வி பழையது. 1794-ல் தாமஸ் பெயின் என்பவர் 'ஏஜ் ஆஃப் ரீசன்' என்ற நூலில் இதை எழுதினார். அவர் நாத்திகர் அல்ல, கடவுள் உண்டென்று நம்பி வேதத்தை மறுத்தவர். கடனாளிக்காக வேறொருவன் பணம் கட்டலாம், ஆனால் குற்றவாளிக்காகக் குற்றமில்லாதவனைத் தண்டிப்பது நீதியல்ல என்பது அவர் வாதம். 2006-ல் வந்த புத்தகத்தில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற நாத்திகர், தேவன் சும்மா மன்னித்திருக்கலாமே, இந்தச் சித்திரவதை எதற்கு என்றார்.

பெயின் சொன்னதை வேதம் அவருக்கு முன்பே சொல்லிவிட்டது! உபாகமம் 24:16, எசேக்கியேல் 18:20 வாசித்துப் பாருங்கள். அப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை. யாத்திராகமம் 32-ல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கின பின்பு, இவர்களை மன்னிக்காவிட்டால் என் பேரை உம்முடைய புஸ்தகத்திலிருந்து எடுத்துவிடும் என்று மோசே மன்றாடுகிறான். எவ்வளவு பெரிய அன்பு! தேவன் சம்மதிக்கவில்லை. பாவம் செய்தவன் பேரைத்தான் எடுப்பேன் என்றார் (32:33).

அப்படியானால் மோசேயை வேண்டாம் என்றவர் இயேசுவை ஏன் ஏற்றுக்கொண்டார்? இங்கே நிதானித்துக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவர் தேவன், குற்றவாளி ஜனம். மோசே மூன்றாவது ஆள். இயேசு மூன்றாவது ஆள் அல்ல. 2 கொரிந்தியர் 5:19-ன்படி கிறிஸ்துவுக்குள் இருந்து ஒப்புரவாக்கினவர் தேவனே. நியாயாதிபதி வழியில் போகிற அப்பாவியைப் பிடித்து அடிக்கவில்லை. பாதிக்கப்பட்டவரே நஷ்டத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார், அதுவும் மனதார (யோவான் 10:18).

கோபக்கார அப்பா பிரம்பை ஓங்க, அன்பான மகன் குறுக்கே பாய்ந்து அடிவாங்கினதுபோல நாம் மேடையில் கதை சொல்லுகிறோம். நானும் கன்வென்ஷனில் சொல்லி ஆமென் வாங்கியிருக்கிறேன். ரோமர் 5:8 அப்படிச் சொல்லவில்லை. அங்கே அன்பை விளங்கப்பண்ணுகிறவர் பிதாதான். நாத்திகர் பாதி நேரம் அடிப்பது வேதத்தை அல்ல, நம்ம கதையை.

சரி, சும்மா மன்னிக்கக் கூடாதா? ஒருத்தர் உங்களிடம் 10,000 ரூபாய் கைமாத்து வாங்கித் திருப்பித் தரவில்லை. "போகட்டும்" என்கிறீர்கள். அந்தப் பணம் காற்றில் கரைந்ததா? உங்கள் வீட்டு அரிசிச் செலவில் இடித்தது. பணம் வேறு குற்றம் வேறு என்பார் பெயின். ஆகவே இதையும் கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரன், நான் காணிக்கையில் கைவைத்தேன் என்று பேசிவிட்டார். பின்பு அழுது மன்னிப்புக் கேட்டார், மன்னித்தேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட எல்லார் வீட்டுக்கும் போய் விளக்க முடியுமா? அவரைச் சந்தி சிரிக்க வைத்திருந்தால் அவமானத்தை அவர் சுமந்திருப்பார். வைக்கவில்லை, ஆகவே நான் சுமந்தேன். சும்மா மன்னிப்பு என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

ரோமர் 3:25-ல் கிருபாதாரபலி என்று வருகிற கிரேக்கச் சொல்லும், எபிரெயர் 9:5-ல் கிருபாசனம் என்று வருகிற சொல்லும் ஒன்றே: ஹிலாஸ்டேரியோன். உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி அது. வருஷத்துக்கு ஒருமுறை, திரைக்கு உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் அதன்மேல் இரத்தம் தெளிக்கப்பட்டது (லேவியராகமம் 16). கொல்கொதாவிலோ எல்லார் கண்முன்பாகவும் நடந்தது. பாவத்தைக் கண்டும் காணாமல் விடாதவர், பாவியையும் கைவிடாதவர் என்று அங்கே தெரிந்தது (ரோமர் 3:26).

போன மாதம் அந்தத் தம்பியை அவன் வீட்டில் போய்ப் பார்த்தேன். முதலில் அன்றைக்குச் சொன்ன பதிலுக்காக மன்னிப்புக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். "யோசிக்கிறேன் பாஸ்டர்" என்றான். மோசே காரியம் யாத்திராகமத்தில் எத்தனாவது அதிகாரம் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.