பிரஷர் மாத்திரை மேல் போடும் பழி

கம்பத்தில் காய்ச்சல் பரவத் தொடங்கினால் போதும், கூடவே ஒரு வதந்தியும் கிளம்பிவிடுகிறது: "பிரஷர் மாத்திரை கொரோனாவுக்குக் கதவைத் திறந்துவிடும், காய்ச்சல் ஓயும்வரை நிறுத்திவையுங்கள்." உத்தமபாளையத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வருகிறவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். படித்தவர்களே இதை வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

கதையில் நூலளவு உண்மை உண்டு. கொரோனா வைரஸ் தானாக நம் செல்லுக்குள் புகுந்துவிடாது. செல்லின் மேலுள்ள ஏசிஇ-2 என்ற புரதத்தை அது பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு நம்முடைய டிஎம்பிஆர்எஸ்எஸ்-2 என்ற இன்னொரு புரதம் வைரஸின் முள்ளை வெட்டிவிட வேண்டும். சார்ஸ் நோய் வந்த 2003-லேயே ஏசிஇ-2-இன் பங்கு பாஸ்டனில் கண்டறியப்பட்டது. புதிய கொரோனாவுக்கும் இந்த இரண்டும் உதவுகின்றன என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2020 மார்ச்சில் காட்டினார்கள். எனலாப்ரில், லோசார்டான் வகை மாத்திரைகள் ஏசிஇ-2-வைக் கூட்டுமோ என்று அதே மாதம் ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்தது. எலிகளின் இதயத்தில் அப்படிக் கூடுவதை முன்பே பார்த்திருந்தார்கள். சந்தேகமாக எழுதப்பட்டதை நம் ஆட்கள் தீர்ப்பாக்கிவிட்டார்கள்.

மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தாயிற்று. இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்து, கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரை பிரேசிலில் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 30 நாள் மாத்திரை நிறுத்தம், மறு பிரிவுக்கு வழக்கம்போல. 2021 ஜனவரியில் முடிவு வெளியானது. உயிரிழப்பிலும் மருத்துவமனையில் கிடந்த நாட்களிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எலியை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் இதை ஏன் படிப்பதில்லை?

எனலாப்ரில் தடுப்பது ஏசிஇ என்ற நொதியை. ஏசிஇ-2 வேறு நொதி, அதை இந்த மாத்திரை தடுப்பதில்லை. ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2-ஐ உடைத்து அழுத்தத்தைத் தணிப்பதுதான் ஏசிஇ-2-இன் சொந்த வேலை. வைரஸ் அதைக் களவாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இதில் கொடுமை, அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களும் பயந்து நிறுத்துகிறார்கள். அது வேலை செய்யும் வழியே வேறு. நிறுத்தினால் பெரும்பாலும் வலியோ மயக்கமோ தெரியாது, அதனால் தைரியம் வந்துவிடுகிறது. பக்கவாதம் வந்த பிறகு க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இதே மாதிரி இன்னொரு வீண் பயமும் உண்டு. கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்றதும் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு சாவடிகளில் கோழி வண்டிகளைச் சோதிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே கோழிக்கறியையே ஒதுக்குகிறார்கள். அந்தச் சோதனை முதலில் நம் பண்ணைகளைக் காக்க. அந்த வைரஸ் பற்றும் சியாலிக் அமில வகை மனிதனுக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம், தொண்டையில் குறைவு. நன்றாக வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது. நோய்கண்ட கோழியைக் கையாள்வதும் உரிப்பதும்தான் ஆபத்து.

வைரஸ் பற்ற ஒரு பிடி வேண்டும் என்று தெரிந்தால் கொசு பற்றிய பயமும் தீரும். கொசு கடித்து எச்ஐவி வருமா? வராது. அது பற்ற வேண்டிய சிடி-4 புரதம் கொசுவின் செல்லில் இல்லை.

பிரஷர் மாத்திரை விஷயத்தில் நான் இன்னொன்றுக்காகவும் மன்றாட வேண்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் கோம்பையிலும் தேவாரத்திலும் ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப் ஏறும் பெண்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஜீப் கிளம்பும் இடத்திலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, மலைக்குப் போகிற அம்மாக்களே, அட்டை தீருமுன்பே வீட்டில் இருப்பவரிடம் சீட்டைக் கொடுத்து வாங்கிவையுங்கள். உங்களைப் பார்க்கும் டாக்டர் சொன்னாலொழிய, யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.