65 நைரா, 141 நைரா

மானியம் என்பது அரசாங்கம் ஏழைக்குப் போடும் பிச்சை என்று நம்ம ஹாஸ்டலில் ஒரு நண்பர் அடித்துப் பேசினார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. நைஜீரியாவில் 2012-ல் நடந்ததைத் தேடிப் படித்த பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நைஜீரியா கச்சா எண்ணெய்க்குப் பேர் போன நாடு. ஆனால் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா என மூன்று ஊர்களில் இருந்த அரசு சுத்திகரிப்பு ஆலைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் நொண்டியடித்தன. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு, பெட்ரோலை வெளிநாட்டில் வாங்கினார்கள். நெல்லை விற்றுவிட்டு அரிசிக்குக் கடை தேடிப் போன கதைதான். இறக்குமதி கம்பெனிக்கு ஆகும் அடக்க விலைக்கும் பங்கில் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் கொடுத்தது. இதுதான் மானியம்.

2012 ஜனவரி 1, புத்தாண்டு நாள். குட்லக் ஜொனாதன் அரசு மானியத்தை எடுத்துவிட்டது. 65 நைராவாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 141 நைராவுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போனவர்கள் திரும்பி வர பஸ் காசு பத்தாமல் மாட்டிக்கொண்டார்கள்.

பெட்ரோல் விலை கார் வைத்திருப்பவன் கவலைதானே என்று கேட்கலாம். அங்கே அப்படி இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தையல்காரர், சலூன்காரர், குளிர்பானம் விற்கும் அம்மா, எல்லோருக்கும் ஒரு சின்ன ஜெனரேட்டர்தான் துணை. ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் வகை, நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு நன்றாகப் புரியும். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் தேவலை'! அதில் ஊற்றும் பெட்ரோல் விலை ஏறினால் முடி வெட்டும் கூலியும் ஏறும்.

மானியத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 கோடி டாலர் போகிறது, அதை ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவிடுவோம் என்றது அரசு. மலிவு பெட்ரோலால் கார்காரருக்கும் லாபம், எல்லை தாண்டிக் கடத்துபவனுக்கும் லாபம் என்று பொருளாதார நிபுணர்கள் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அரசாங்கம் கொடுத்து ஜனங்கள் கையில் நேராக வந்து சேர்ந்தது அந்த மலிவு பெட்ரோல் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, அப்புறம் தருகிறோம் என்றால் யார் நம்புவாங்க?

ஜனவரி 9 அன்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கின. லாகோஸில் ஓஜோட்டா மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் நாளே லாகோஸிலும் கானோவிலும் உயிர்ப்பலி. எண்ணெய்த் தொழிலாளர் சங்கம் உற்பத்தியையே நிறுத்துவோம் என்று சொன்ன பிறகுதான் ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. ஜனவரி 16 அன்று விலை 97 நைராவுக்கு இறங்கியது. அதே காலையில் லாகோஸ் தெருக்களில் ராணுவமும் இறங்கியது! சங்கத் தலைவர்கள் வேலைநிறுத்தத்தை நிறுத்திவைத்தார்கள். 65-க்குத் திரும்பாமல் முடித்துவிட்டார்களே என்று பலருக்கு ஆத்திரம். என்னைக் கேட்டால், துப்பாக்கி முன்னால் கிடைத்த 44 நைராவைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன்.

இனிமேல்தான் பெரிய சமாச்சாரம். நாடாளுமன்றக் கீழவை அமைத்த விசாரணைக் குழு 2009 முதல் 2011 வரை மானியக் கணக்கைப் புரட்டி, ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. நாடு ஒரு நாளைக்குச் செலவழித்த பெட்ரோல் 3.5 கோடி லிட்டர். மானியம் வாங்கியது 5.9 கோடி லிட்டருக்கு! 2009 ஜனவரி 12, 13 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள், 99.9 கோடி நைரா வீதம் 128 தடவை பணம் போயிருக்கிறது. மொத்த இழப்பு 680 கோடி டாலர் என்றது குழு. இதில் இன்னொரு கூத்து, அந்தக் குழுத் தலைவர் ஃபரூக் லவானே ஓர் எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2021-ல் தண்டிக்கப்பட்டார். 'பிச்சை' யார் பாத்திரத்தில் விழுந்தது என்று நண்பர் சொல்லட்டும்.

2012-ல் மானிய நீக்கத்தைக் கண்டித்து அறிக்கை விட்ட எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர் போலா டினுபு. 2023 மே 29 அன்று அவரே ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பதவியேற்பு உரையிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். சில நாட்களில் பங்கில் விலை இரண்டரை மடங்குக்கு மேல் போனது. 2024 ஆகஸ்ட் 1 அன்று இளைஞர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். இந்தத் தடவை பெட்ரோல் விலையோடு சோற்றையும் கேட்டார்கள். பசிக்கிறது என்பதே அவர்கள் கோஷமாக இருந்தது.