அகதிக்குச் சோறு போடுவது யார்?

புகலிடம் தேடி வருவோரைப் பற்றி மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் புழங்கும் கருத்துகளை எடைபோடும்போது, அவற்றைச் சொல்பவர்கள் அகதி வாழ்வை அறியாதவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே கவனத்தில் கொள்ளவேண்டியிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவிலும் மறுநாள் அதிகாலையிலும் ஏறாவூரில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றபோது, எல்லைப்புறக் குடும்பங்கள் வீடு வளவை விட்டு நகரின் உட்பகுதிக்குள் ஒதுங்கின. அடுத்த மாதமே, செங்கலடிக்கு அப்பால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த பல்லாயிரம் தமிழர்களிடையே இருந்து 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. 2007 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மாத்திரம் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தனர். சட்ட வழக்கில் இவர்கள் ‘உள்ளக இடம்பெயர்ந்தோர்’ எனப்படுவர். நாட்டின் எல்லையைத் தாண்டியவரே ‘அகதி’, அந்தத் தகுதிக்கு விண்ணப்பித்து முடிவை எதிர்பார்த்திருப்பவர் ‘புகலிடக் கோரிக்கையாளர்’. ஊர்ப் பேச்சோ எல்லோரையும் அகதி என்றே சொன்னது, நிவாரண அட்டையோடு உலர் உணவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை.

இத்தனை அனுபவத்துக்குப் பின்னும், 2024 டிசம்பர் 19ஆம் திகதி மியன்மாரின் ரோஹிங்கிய முஸ்லிம்கள் 115 பேரோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அண்டியபோது, மீனவர்கள் அவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்து, கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பின்னர் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்த அந்த நாட்களில், இரக்கத்தோடு கூடவே முணுமுணுப்புகளும் எழுந்தன. அவை புதிதாகப் பிறந்தவை அல்ல. 2017 செப்டெம்பரில் கல்கிசையில் 31 ரோஹிங்கியர் தங்கவைக்கப்பட்டிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையிலான ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டபோது, உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் சிறுவர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட பாகிஸ்தானியரில் பலர், தம் நாட்டில் மதத் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்த அஹ்மதியரும் கிறிஸ்தவரும். துரத்தியவர்களுக்கு அந்த வேறுபாட்டை விசாரிக்க நேரம் இருக்கவில்லை.

நம்பிக்கை: ‘நமக்கே இல்லாத நேரத்தில் அரசாங்கம் நமது வரிப்பணத்தில் அகதிகளுக்குச் சோறு போடுகிறது.’

இந்த நம்பிக்கையின் வேர் அகதிகளிடத்தில் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலும், அதன் பின் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்தில் 2023 ஜூலையில் தொடங்கிய ‘அஸ்வெசும’ கொடுப்பனவிலும் இருக்கிறது. வீட்டின் சுவரும் கூரையும், மின்சாரப் பாவனை, வாகனம், கால்நடை, பிள்ளைகளின் படிப்பு என 22 குறிகாட்டிகளால் குடும்பத்தின் வறுமையை அளந்து புள்ளியிடும் இத்திட்டத்தின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, பிரதேச செயலகங்களின் முன்னால் மேன்முறையீட்டுப் படிவங்களோடு மக்கள் திரண்டனர். நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் முறையீடுகள் குவிந்தன. நேற்றுவரை கிடைத்த உதவி இன்று இல்லை என்று அறிந்த ஒரு குடும்பத்துக்கு, முகாமில் யாரோ மூன்று வேளை சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி உறுத்துவது இயல்பே. அந்த உறுத்தலை இழிவாகப் பேசுபவர்களால் இந்த விடயத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் அந்தக் குடும்பத்தின் பங்கை அகதி தின்னவில்லை. அஸ்வெசும இலங்கைக் குடிமக்களுக்கு உரியது; அகதியோ புகலிடக் கோரிக்கையாளரோ அதன் பட்டியலுக்குள் வருவதே இல்லை. அகதிகளைப் பற்றி இலங்கையில் தனிச் சட்டமும் கிடையாது. அகதிகளின் தகுதிநிலை பற்றிய 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இலங்கை கையெழுத்திடவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பியது, 1987 முதல் நாட்டில் பணியாற்றிவந்த ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம். வந்தவரைப் பதிந்து, அவர் சொல்லும் காரணத்தை விசாரித்து, அவர் அகதிதானா என்று தீர்மானிப்பதும், அகதி என ஏற்கப்பட்டவருக்குச் சிறு வாழ்க்கைப்படி கொடுப்பதும், அவரை வேறொரு நாடு குடியேற்றுவதற்கு ஒழுங்கு செய்வதும் அந்த அலுவலகத்தின் வேலையாக இருந்தன, பணமும் அதனுடையதே. விசாரணை முடியாதவருக்குப் பொதுவாக அந்தப் படியும் இருக்கவில்லை. கையிருப்பும் தெரிந்தவர் கொடுத்த கடனும் தீர்ந்தபின் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தொண்டு நிறுவனங்களுமே அவருக்குக் கதி.

அரசாங்கத்துக்குச் செலவே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. அரசு மருத்துவமனை அகதிக்கும் இலவசமாகவே சிகிச்சை அளிக்கிறது. கேப்பாப்பிலவு போன்ற முகாமில் அடைத்து வைத்திருப்பவர்களுக்கு உணவும் காவலும் கொடுப்பது அரசே. ஆனால் இந்தக் கடைசிச் செலவு அகதி வந்ததால் மட்டும் உண்டானதல்ல, அவரை வெளியே விடாமல் வைத்திருப்பது என்று எடுத்த முடிவால் உண்டானது. நீர்கொழும்பில் வாடகை கொடுத்து வாழ்ந்த அகதிக் குடும்பம் அரசிடம் சோறு கேட்கவில்லை.

நம்பிக்கை: ‘அகதிகள் காசு வாங்கிச் சும்மா இருந்து தின்னப் பழகியவர்கள்.’

இதைவிடப் பழையதும், பரந்ததும், ஆராயத்தக்கதும் வேறில்லை. மட்டக்களப்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன உறவினரைப் பற்றி ஊரில் பேசும்போது ‘சோசல் காசு’ என்ற சொல் பாதி ஏக்கத்தோடும் பாதி ஏளனத்தோடும் வந்து விழுகிறது. அந்தக் காசு எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. பிரித்தானியாவில் 2024இல், தங்குமிடம் கிடைத்த ஒரு புகலிடக் கோரிக்கையாளருக்கு வாரமொன்றுக்கு 49.18 பவுண் வழங்கப்பட்டது. உணவு தரப்படும் விடுதியில் தங்கவைக்கப்பட்டவருக்கு வாரத்துக்குப் பத்துப் பவுணுக்கும் குறைவு. இதைக் கொண்டு அவர் வேலைக்குப் போய்க் கூடுதலாகச் சம்பாதிக்கலாமா என்றால், அதற்கும் வழியிருக்கவில்லை. விண்ணப்பம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தீர்க்கப்படாமல் கிடந்தால்தான், அதுவும் ஆள் பற்றாக்குறை உள்ளதாக அரசு பட்டியலிட்ட தொழில்களில் மாத்திரம், அனுமதி கேட்க முடிந்தது.

அவுஸ்திரேலியாவின் கதை கிழக்கு மாகாணத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2012இல் மாத்திரம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் அங்கு சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதிக்குப் பின் படகில் வந்தவர்களைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது, அந்நாட்டு அரசு அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையை மறுத்து, வேலையற்ற குடிமகனுக்குக் கொடுக்கும் தொகையில் 89 வீதத்தை உதவியாகக் கொடுத்தது. வலை இழுத்தும் வயல் செய்தும் வளர்ந்த இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அறைகளில் முடங்கிக் கிடந்தனர். 2014இன் இறுதியில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வேலை உரிமை வரத் தொடங்கியது. உழைப்பைச் சட்டத்தால் தடுத்துவிட்டு உழைக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதில் உள்ள முரண், அகதிகள் பற்றிய விவாதங்களில் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் காணக்கிடைக்கிறது. இலங்கையும் அதற்கு விலக்கல்ல: இங்கே அகதி என ஏற்கப்பட்டவர்கூடச் சட்டப்படி வேலை செய்ய முடியாது.

தடை இல்லாத இடத்தில் நடப்பது வேறு. கனடாவில் கோரிக்கை விசாரணையில் இருக்கும்போதே வேலை அனுமதி பெற வழியுண்டு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களில் தொடங்கி, 2010இல் ‘சன் சீ’ கப்பலில் போன 492 பேர் வரை, வந்த நாளில் நாட்டுக்குச் சுமை என்று ஏசப்பட்டவர்களின் சமூகம் இன்று ரொறன்ரோவில் கடை நடத்துகிறது, தொழிற்சாலையில் நிற்கிறது, வரி கட்டுகிறது. செல்வந்த நாடு என்பதால்தான் இது முடிந்தது என்ற மறுப்புக்கு உகண்டா விடை தருகிறது. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கும் அந்த ஏழை நாடு, 2006ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தால் அவர்களுக்கு நடமாடவும் தொழில் செய்யவும் உரிமை கொடுத்து, குடியேற்றங்களில் பயிரிடச் சிறு நிலத்துண்டையும் ஒதுக்குகிறது. உதவிப் பணம் குறையும்போது அங்கும் பட்டினி வருகிறது. உகண்டாவைச் சுவர்க்கம் என்று காட்டுவது பொய்யாகும். எனினும் அங்கே கையைக் கட்டிப்போட்டது சட்டம் அல்ல.

தமிழ்நாடு தடைக்கும் தடையின்மைக்கும் இடைப்பட்டது. 1983 முதல் சென்ற ஈழ அகதிகளுக்கு அங்கே மாதப் படி உண்டு. 2021இல் உயர்த்தப்பட்ட பின் அது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. இந்தத் தொகையில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் ஒப்புவர். முகாம்களிலிருந்து ஆண்கள் வண்ணம் பூசவும் கட்டட வேலைக்கும் விடியலில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவந்து ஆள்கணக்குக் கொடுப்பது அதனால்தான்.

இதே அகதியைப் பற்றி நேரெதிரான முறைப்பாடும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தங்கியபோது, முதலில் வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்ட உள்ளூர் முஸ்லிம்களே காலப்போக்கில், உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் குறைந்த கூலிக்கு இறங்கி இவர்கள் நமது வேலையைப் பறிக்கிறார்கள் என்றனர். நிவாரணமும் வாங்கி வேலையும் செய்கிறார்கள் என்ற மனக்குறை இரு தரப்புக்கும் ஒரே மார்க்கம், ஒரே மொழி என்பதால் குறைந்துவிடவில்லை. அதில் பொய்யும் இல்லை. ஏழை ஊருக்குள் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தால் கூலி விழும், கிணறு வற்றும், வகுப்பறை நெரியும். சோம்பேறி என்ற பழியும் வேலையைப் பறிப்பவர் என்ற பழியும் ஒரே ஆள்மீது ஒரே வாயிலிருந்து வரும்போதுதான், பேச்சு அந்த ஆளைப் பற்றியது தானா என்ற ஐயம் எழுகிறது.

நம்பிக்கை: ‘இவர்களை விட்டால் இலட்சம் பேர் வருவார்கள்.’

2025 ஜனவரியில் இலட்சம் ரோஹிங்கியர் புறப்படத் தயாராகிறார்கள் என்ற பேச்சு நாடாளுமன்றம் வரை போனது; அப்படி எவரும் வந்து சேரவில்லை. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் கடற்படை மீட்ட படகில் இருந்தவர்கள் 104 பேர். 2019இல் நாட்டிலிருந்த எல்லா நாட்டு அகதிகளும் கோரிக்கையாளர்களும் சேர்ந்து இரண்டாயிரத்தை எட்டவில்லை. ஏறத்தாழ 25,000 பேர் வாழும் ஏறாவூர் நகரில் ஓரிரு கிராம சேவகர் பிரிவுகளின் அளவு அது. மியன்மாரிலிருந்து ஓடியவர்களைத் தாங்குவது பங்களாதேஷ்: 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் மாத்திரம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு போயினர். உலக அளவிலும் இதே ஒழுங்குதான். 2024 இறுதிக் கணக்கின்படி அகதிகளில் 73 வீதமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளிலும், 67 வீதமானோர் தம் நாட்டுக்கு அடுத்த நாடுகளிலும் இருக்கின்றனர்.

நம்பிக்கை: ‘அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து ஒரு சமூகத்தின் சனத்தொகையையும் வாக்கையும் கூட்டப் பார்க்கிறார்கள்.’

கிழக்கில் இந்தப் பேச்சு மெல்லிய குரலில் நடக்கும். தமிழ், முஸ்லிம் சமூகங்கள் காணிக்கும் பிரதேச சபை எல்லைக்கும் தலைகளை எண்ணிப் பழகிய மண்ணில் அதற்குக் கேட்பவர்களும் இருப்பர். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டது: அகதிப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தையும் பிறப்பால் இலங்கையராகாது, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை. அந்தச் சட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பதை மலையகத் தமிழரிடம் கேட்கலாம். தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்தவர்களை அது ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தோரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ரோஹிங்கியரை நாடற்றவர்களாக்கிய 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இலங்கைத் தமிழ் வாசகருக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

நம்பிக்கை: ‘விசா எடுக்காமல் களவாக வந்தவர் அகதியாக முடியாது.’

கொல்ல வரும் அரசிடம் போய்க் கடவுச்சீட்டு கேட்க முடியாது என்பதால்தான், 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை, ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றித் தக்க காரணம் காட்டுபவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது. இலங்கையை அந்த உறுப்புரை கட்டாது. ஆனால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இலங்கை 1994இல் இணைந்தது, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்று அதன் 3ஆம் உறுப்புரை விதிக்கிறது. கேப்பாப்பிலவில் வைக்கப்பட்டவர்களை மியன்மாருக்கு அனுப்புவது பற்றிய பேச்சுக்கு எதிராகச் சொல்லப்படவேண்டிய சட்ட வாதம் இதுவே.

நாட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் ஆளும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தில் புகலிடம் தேடுபவருக்கென்று விலக்கு எதுவும் இல்லை. அது இரு திசையிலும் வெட்டுகிறது. 2014 ஜூலையில் அவுஸ்திரேலியக் கப்பல் நடுக்கடலில் பிடித்த 41 இலங்கையரை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் கையளித்தது. அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். எல்லோரும் காலி நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம், இதே சட்டத்தை மீறி நாட்டைவிட்டுப் போனது.